தொட்டியில் நிற்கும் இரப்பர்ச் செடி

இரப்பர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் தோட்டத்து மக்களின் கண்முன் தோன்றுவது பால்மரமே. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாக நின்ற மரங்களுக்கிடையே நடந்து, பட்டையைச் சீவி, மங்கில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்த கைகள், இம்மலரைப் படிக்கும் பெற்றோர் சிலருடைய கைகளாகும். அன்றேல் அவர்தம் பெற்றோருடைய கைகளாகும். ஆயினும் ஈப்போ நகரத்து வங்கிகளிலும் மருந்தகங்களிலும், நம்மவர் பலர் இப்போது குடியிருக்கும் தாமான் வீடுகளின் முன்னறைகளிலும் வேறோர் இரப்பர் நிற்கிறது. தடித்து, மெழுகு பூசினாற்போல் மின்னும் பெரிய இலைகளையுடைய அச்செடியையும் மக்கள் இரப்பர்ச் செடி என்றே அழைக்கின்றனர்.

நம் பள்ளியின் நுழைவாயில் கூடத்தை அழகுபடுத்தும் பொருட்டு, அத்தகைய செடிகள் ஆறினை வாங்கி வைத்தோம். வைத்த அன்றே மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், “ஐயா, இதிலும் பால் வெட்டலாமா?” எனக் கேட்டான். அருகில் நின்றோர் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை, ஏனெனில் அவ்வினாவிற்கு விடை ‘ஆம்’ என்பதே. ஒரு காலத்தில் அதிலும் பால் வெட்டினார்கள். அவ்வரலாற்றையும், வீட்டிற்குள் அச்செடியைப் பேணும் முறையையும், அம்முறையை அறியாமல் ஆறில் நான்கினை நாம் சாகவிட்ட கதையையும் ஈண்டுக் கூறுவோம்.

நம் பால்மரத்தின் தாவரவியற் பெயர் ஹீவியா பிரசிலியென்சிஸ். அஃது ஆமணக்கு, மரவள்ளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் விரிந்திருக்கும். காய் முற்றினால் வெயிலில் ‘பட்’டென வெடித்து விதைகளைச் சிதறும். அவ்விதையைச் சிமெண்டுத் தரையில் உரசிச் சூடேற்றித் தோழன் கையில் வைத்து அவனை அலறச் செய்யாத தோட்டத்துப் பிள்ளை எவருமிலர்; நாமும் விதிவிலக்கல்லோம். தொட்டியில் நிற்பதோ ஃபைகஸ் எலாஸ்டிக்கா என்னும் செடி. ஆல், அரசு, அத்தி ஆகியவை அதன் உடன்பிறப்புகள். இதன் இலை தனியிலை. புதிய இலை தோன்றும்போது செந்நிற உறையொன்று அதனைச் சுற்றிக் கூர்மையாக நிற்கும்; இலை விரிந்ததும் உறை உதிர்ந்துவிடும். இலையைக் கிள்ளினால் வெண்பால் வடியும். அப்பாலிலும் இரப்பர் உண்டு. அதனாலேயே பெயர் ஒன்றாயிற்று. மற்றபடி இரண்டும் தூரத்து உறவுகூட அல்ல.

கிழக்கு இமயமலைச் சாரல், அஸ்ஸாம், பர்மா, நம் தீபகற்பம், சுமத்திரா, ஜாவா ஆகிய நிலப்பகுதிகள் தொட்டிச் செடியின் தாயகம். மலாய் மக்கள் இதனை ரம்போங் என்பர். பிரேசிலிலிருந்து பால்மரம் வருமுன், ஆசியாவில் இரப்பர் எனப்பட்டது பெரும்பாலும் இதன் பாலே. அஸ்ஸாமில் சார்துவார் என்னுமிடத்தில் 1870-களில் வனத்துறையினர் இதனைத் தோட்டமாகவே பயிரிட்டனர். நம் நாட்டிலும் 1900-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் சில தோட்டங்களில் ரம்போங் நடப்பட்டது.

பிறகு நிலைமை மாறியது. 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் காடுகளிலிருந்து ஏறத்தாழ 70,000 பால்மர விதைகளை இலண்டனையடுத்த கியூ தாவரவியல் தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். மறு ஆண்டில் 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் 9 நாற்றுகள் நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில், ஆங்கிலேய ஆட்சிப் பிரதிநிதியாயிருந்த ஹியூ லோ அவர்களின் தோட்டத்தில் நடப்பட்டன. அக்கால முதுமரம் ஒன்று அந்நகரில் வேலியிட்டுப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. கோலகங்சார் செல்லும் பெற்றோர் பிள்ளைகளுக்கு அதனைக் காட்டுதல் நன்று. 1888 முதல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பிலிருந்த ரிட்லி என்பார், பட்டையை மட்டும் மெல்லச் சீவி அதே வெட்டினை மறுபடியும் மறுபடியும் புதுப்பித்தால் பால்மரத்தில் பால் பெருகுகிறது என நிறுவினார். ரம்போங் அவ்வாறு நாடோறும் வெட்டுவதற்கு இசையவில்லை. தோட்டத்தார் அதனைக் கைவிட்டனர். ஆனால் அதே மரத்தின் இளங்கன்று, குளிர்நாடுகளில் சன்னலோரத் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் பசுமை மாறாமல் நின்றது. ஆகவே ஐரோப்பிய இல்லங்களில் இடம்பெற்று, அங்கிருந்து உலகெங்கும் பரவி, தன் தாய்நாடாகிய நம் நாட்டிற்கே அலங்காரச் செடியாகத் திரும்பி வந்துள்ளது.

இனி, காட்டில் இச்செடி எவ்வாறு வாழ்கிறது என்பதைச் சற்று நோக்குவோம். ஏனெனில் வீட்டில் அதற்கு வேண்டுவன யாவும் அவ்வாழ்விலிருந்தே விளங்கும். அத்திப்பழம் போன்ற இதன் பழத்தைத் தின்ற பறவை, வேறொரு பெருமரத்தின் கிளைக் கவட்டில் எச்சமிடுகிறது. விதை அங்கேயே முளைக்கிறது. அங்கே மண் ஏது? மட்கிய சருகு சிறிதளவே உண்டு. மழை பெய்கிறது, வேர் நனைகிறது, நீர் வழிந்து ஓடிவிடுகிறது, காற்றில் வேர் உலர்கிறது. மீண்டும் மழை. இவ்வாறு நனைந்தும் உலர்ந்தும் வளரும் கன்று, நாளடைவில் வேர்களைத் தரைவரை இறக்கிப் பெருமரமாகிறது. தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குச் செல்வோர் அண்ணாந்து பார்த்தால், செங்குத்தான சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் அத்தியினத்து மரங்கள் வேர்பற்றித் தொங்குவதைக் காணலாம். ஒரு கைப்பிடி மண்ணும் அங்கில்லை. அவ்வினத்திற்கு நீர் தேங்காத இடம் எத்துணை உவப்பானது என்பதற்கு அக்காட்சியே சான்று.

இவ்வுண்மையை நாம் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. செடிகளை நீரூற்றிக் காக்கும் பொறுப்பை மாணவர்க்குக் கற்பிக்க எண்ணி, முறைப் பட்டியல் ஒன்று வரைந்து சுவரில் ஒட்டினோம். தோட்டத்துப் பெரட்டுப் போலக் காலை மணி 7.15-க்கு முறைமாணவர் வரிசையாக வந்து தொட்டிக்கு ஒரு குவளை நீர் ஊற்றினர். சனி, ஞாயிறு விடுபடுமே என்று திங்கட்கிழமைகளில் இரண்டு குவளை ஊற்றும்படி நாமே பணித்தோம். தொட்டிகளோ பூவேலைப்பாடுள்ள பீங்கான் தொட்டிகள், அடியில் துளையில்லை. தரை நனையாது என்பதற்காகவே அவற்றைத் தேர்ந்தோம். ஒரு மாதம் கழிந்தது. அடியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன, மேலிலைகள் தொங்கின. தாகத்தால் வாடுகின்றன என எண்ணி மாலையிலும் ஒரு குவளை ஊற்றச் செய்தோம். மாணவர் ஒரு நாளும் தவறவில்லை. அவர்தம் கடமையுணர்ச்சியே செடிகளைக் கொன்றது என்றால் மிகையன்று. பிழை பட்டியல் வரைந்த கையினுடையது.

நான்காம் செடியும் சாய்ந்துவிட்ட ஒரு நண்பகலில், பேத்தியை அழைத்துப்போக வந்திருந்த பாட்டியார் ஒருவர் தொட்டியருகே நின்றார். முப்பதாண்டுகளுக்கு மேல் பால்வெட்டியும், தோட்டத்து நாற்றுமேடையில் ஒட்டுக்கன்று வளர்த்தும் பழகியவர். சுட்டுவிரலை மண்ணில் ஆழ நுழைத்தார், எடுத்து மோந்தார். “வாத்தியாரய்யா, இது தண்ணி கேக்கலைங்க. மூச்சு முட்டுது,” என்றார். பின்பு செடியைத் தொட்டியோடு சாய்த்து வெளியே எடுத்துக் காட்டினார். வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கவேண்டிய வேர்கள் கறுத்துக் குழைந்து நாறின.

அப்பாட்டியார் கூறியது அறிவியல் உண்மையேயாகும். வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கிடையிலுள்ள இடைவெளிகளில் காற்று இருக்கிறது. அதிலுள்ள உயிர்வளியை வேர் ஏற்கிறது. ஓயாது நீர் ஊற்றினால் அவ்விடைவெளிகள் நீரால் நிரம்பிக் காற்று வெளியேறிவிடும். வேர் மடியும், அழுகல் நோய் பற்றும். மடிந்த வேர் நீரை மேலே அனுப்ப இயலாது. ஆகவே சேற்றில் நின்றுகொண்டே இலை நீரின்றி வாடுகிறது. வறட்சியால் வாடும் செடியும் வெள்ளத்தால் வாடும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால்தான் நாம் ஏமாந்தோம். வேற்றுமையைக் காட்டுவது விரல் ஒன்றே. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் நுழைத்துப் பார்த்தல் வேண்டும். ஈரம் தட்டினால் அன்று நீர் வேண்டா. உலர்ந்திருப்பின், அடித்துளை வழியே நீர் ஒழுகும்வரை ஒரே முறையாக நன்கு ஊற்றி, வடியவிட்டு, மீண்டும் உலரும்வரை காத்திருத்தல் வேண்டும். நாள்கணக்கு இதற்கு உதவாது. சன்னலோரத்தில் ஐந்தாறு நாளில் உலரும் மண், இருண்ட மூலையில் பத்து நாளுக்கு மேலும் ஈரமாயிருக்கும்.

தொட்டி எத்துணை விலையுயர்ந்தது என்பது பொருட்டன்று. துளை உண்டா என்பதே பொருட்டு. நாற்றுமேடையிலிருந்த கறுப்புப் பைகளைப் பார்த்தவர்களுக்கு, அடியிலும் பக்கத்திலும் ஏன் துளையிட்டார்கள் என்பது விளங்கும். ஆணியால் நான்கைந்து துளையிட்ட பழைய மைலோ டின் போதும். வெறும் களிமண் ஆகாது. தோட்டமண்ணோடு மணலும், தேங்காய் நார்த்தூளோ கரித்த உமியோ கலந்தால் நீர் எளிதில் வடியும்.

அடுத்தது வெளிச்சம். லயத்து வீட்டில் வாசலைத் தாண்டினால் வெட்டவெளி. தாமான் வரிசை வீட்டிலோ இருபுறமும் அண்டைவீட்டுச் சுவர். வெளிச்சம் முன்னும் பின்னுமே வரும். நடுக்கூடத்தில் நமக்கு வெளிச்சம் போதுமாகத் தோன்றும். ஏனெனில் நம் கண்மணி விரிந்து சரிசெய்துகொள்கிறது. செடிக்கு அவ்வசதி இல்லை. மாணவர் எளிதிற் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. நண்பகலில் செடி நிற்கும் இடத்தில் வெள்ளைத்தாளை விரித்து, அதன்மேல் ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டுக. விரல்களின் நிழல் தெளிவாக விழுந்தால் வெளிச்சம் போதும். மங்கலான கறையாக விழுந்தால் குறைவு. நிழலே விழாவிடின் அவ்விடம் செடிக்குரியதன்று. குறைந்த ஒளியில் தண்டு மெலிந்து நீண்டு, இலைக்கும் இலைக்கும் இடைவெளி மிகும். அதனைக் கண்டு அஞ்சி உச்சிவெயிலில் திடீரெனத் தூக்கி வைத்தாலும் கேடே. நிழலுக்குப் பழகிய இலைகள் பழுப்புத் திட்டுகளாகத் தீய்ந்துவிடும். சன்னலை நோக்கி வாரத்திற்கு ஓரடியாக நகர்த்துதல் நன்று.

இலைமேல் படியும் தூசி ஒளியை மறைப்பதால், ஒரு கையால் இலையைத் தாங்கி மறுகையால் ஈரத்துணிகொண்டு துடைத்தல் வேண்டும். தேங்காயெண்ணெய் பூசி மினுக்குவோர் உளர். வேண்டா, அது தூசியை இன்னும் இழுத்துச் சேர்க்கும். பஞ்சுபோன்ற வெள்ளைப் பூச்சி கண்டால் சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்தெடுக்கலாம். உரம் சிறிதளவு, ஓரிரு மாதத்திற்கு ஒருமுறை போதும்.

சிறு பிள்ளைகள் உள்ள இல்லங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பால்மரப் பாலில் கைநனைத்தே வாழ்ந்தோம், இப்பால் என்ன செய்யும் என நினைத்தல் ஆகாது. சிலருக்கு இஃது அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். கண்ணில் பட்டால் எரியும். கிளையை வெட்டியபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். இதனினும் அஞ்சத்தக்கது டீஃபன்பாக்கியா என்னும் செடி. பருத்த தண்டும், பாலைத் தெளித்தாற்போல் வெண்புள்ளிகள் நிறைந்த அகன்ற இலைகளும் கொண்ட அதனை நம் வீடுகளிற் பரவலாகக் காணலாம். அதன் சாற்றில் கால்சியம் ஆக்சலேட்டு என்னும் ஊசி வடிவ நுண்படிகங்கள் உள. குழந்தை கடித்துவிட்டால் அவை வாயிலும் நாவிலும் தைத்து, எரிச்சலும் வீக்கமும் உண்டாகும். புட்டிகளில் வளர்க்கும் மணி பிளாண்டிலும் அப்படிகங்கள் உண்டு. தவழும் குழந்தையுள்ள வீட்டில் இவற்றைத் தரையில் வைத்தல் கூடாது. கடித்துவிட்டால் வாயைத் துடைத்து, நீரால் அலம்பி, உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

நீர் பற்றி மீண்டும் கூற வேண்டியுள்ளது. பாட்டியாரின் அறிவுரைப்படி எஞ்சிய இரண்டு செடிகளையும் துளையுள்ள தொட்டிகளுக்கு மாற்றினோம். தரை நனையாதிருக்க அடியில் தட்டுகள் வைத்தோம். வடிந்த நீர் தட்டில் தேங்கியது. எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவ்வாண்டில் நம் மாணவி ஒருத்தி டெங்கிக் காய்ச்சலுற்று ஒரு வாரத்திற்கு மேல் மருத்துவமனையில் இருந்தாள். பள்ளி முழுவதும் நீர் தேங்கும் இடங்களைத் தேடியபோது, நம் அலுவலக வாயிலிலேயே, அழகுக்கென வைத்த அத்தட்டில், கொசுப்புழுக்கள் நெளிவதைக் கண்டோம். அக்குழந்தையைக் கடித்த கொசு நம் தட்டில் பிறந்ததென எவரும் கூறவில்லை. எனினும் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அவள் நலமுற்றுப் பள்ளிக்குத் திரும்பிய பின்னரே நெஞ்சம் ஆறியது.

டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடை நீரைவிடத் தெளிந்து தேங்கிய நீரையே பெரிதும் நாடும். முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களே ஆகும். ஆகவே தட்டை வாரம் ஒருமுறையேனும் கவிழ்த்தல் வேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்தையொட்டிப் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியே பல மாதங்கள் உயிரோடிருக்கும். மீண்டும் நீர்பட்டால் பொரிக்கும். ஆதலின் தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது. மணி பிளாண்டுப் புட்டிகளுக்கும் இதுவே விதி. அல்லது தட்டில் மணலை நிரப்பிவிட்டால் நீர் தேங்கி நிற்காது. வீட்டில் கொசுப்புழு வளரவிடுதல் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டப்படி குற்றமாகும். ஆனால் தண்டத்திற்கு அஞ்சியன்றிப் பிள்ளைகளுக்கு அஞ்சியே இதனைச் செய்தல் வேண்டும்.

செடி வைத்தால் வீட்டுக் காற்று தூய்மையாகிவிடும் என்று கடைக்காரர் பலர் கூறி விற்கின்றனர். 1989-இல் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் அறிஞர்கள், மூடிய சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துச் சோதித்து, காற்றிலிருந்த சில நச்சுப்பொருள்கள் குறைந்ததைக் கண்டது உண்மையே. வீடு மூடிய பெட்டியன்று. அத்தகைய ஆய்வுகளை 2019-இல் மறுபடியும் கணக்கிட்டவர்கள், ஒன்றிரண்டு தொட்டிகள் செய்யும் நன்மையைவிடச் சன்னலின் வழியே வரும் காற்று பன்மடங்கு நன்மை செய்கிறது என்று கண்டனர். அதுபோலவே இரவில் படுக்கையறையில் செடியிருந்தால் மூச்சுமுட்டும் என்னும் அச்சமும் வீண். பக்கத்தில் உறங்கும் தம்பி வெளிவிடும் கரிவளி அச்செடியினதைவிட மிகப் பலமடங்காகும்.

செடி உயர்ந்து கூரையைத் தொடும்போது, அதனைப் பிடுங்கி வீட்டோரத்தில் நட்டுவிடலாம் எனச் சிலர் எண்ணுவர். அருள்கூர்ந்து அவ்வாறு செய்யற்க. மேகாலயா மாநிலத்துக் காசி இன மக்கள் இம்மரத்தின் வேர்களை ஆற்றின் குறுக்கே வளரச்செய்து, மனிதர் நடந்துசெல்லும் உயிருள்ள பாலங்களாக ஆக்கியிருக்கின்றனர். அத்துணை வலிமைவாய்ந்த வேர், வடிகாலையும் அடித்தளத்தையும் விட்டுவைக்காது. மாறாக, உச்சியை வெட்டிப் புதுச்செடியாக்கலாம். பாட்டியார் நம் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு அதனைச் செய்து காட்டினார். நுனியிலிருந்து ஒன்றரை அடி கீழே, தண்டைச் சுற்றி ஓரங்குல அகலத்திற்குப் பட்டையை மோதிரம்போல் சீவி எடுத்தார். அரைநூற்றாண்டுப் பழக்கம், கத்தி ஒரு மயிரிழையும் தவறவில்லை. வடிந்த பாலைத் துணியால் ஒற்றி, நின்றதும், நனைத்துப் பிழிந்த தேங்காய் நாரை அவ்விடத்தில் பொதிந்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி இருபுறமும் இறுகக் கட்டினார். ஏழாம் வாரத்தில் தாளின் ஊடே வெள்ளை வேர்கள் தெரிந்தன. வேருக்குக் கீழே வெட்டித் தொட்டியில் நட்டோம். வெட்டுண்ட தாய்ச்செடியும் பக்கக் கிளைகள் விட்டது.

அப்பாட்டியார் இப்போது அடுக்குமாடி வீடொன்றின் ஐந்தாம் மாடியில் மகனோடு வாழ்கிறார். லயத்து வாசலில் தாம் வைத்திருந்த முருங்கையும் கறிவேப்பிலையும், தோட்டம் கைமாறிச் செம்பனை வந்தபோது போயின என்று ஒருநாள் பேச்சுவாக்கிற் கூறினார். நட்ட முதற்கன்றை நாம் அவரிடமே கொடுத்தோம். சன்னலோரத்தில் வைத்திருப்பதாகவும், புதிதாக மூன்று இலை விட்டிருப்பதாகவும் பேத்தி வந்து சொன்னாள்.

சுவரிலிருந்த முறைப் பட்டியலைக் கிழித்தெறிந்துவிட்டோம். இப்போது முறைமாணவர் திங்கள், வியாழன் ஆகிய இரு நாளும் மண்ணில் விரலிட்டுப் பார்த்து, ‘ஈரம்’ அல்லது ‘உலர்வு’ எனக் குறிப்பேட்டில் எழுதுகின்றனர்; உலர்வென எழுதிய நாளில் மட்டுமே நீர் ஊற்றுகின்றனர். வெள்ளிதோறும் தட்டுகளைத் தேய்த்துக் கழுவுகின்றனர். இரண்டு தாய்ச்செடிகளிலிருந்தும் பதினொரு பதியங்கள் வேர்விட்டுள்ளன. பரிசளிப்பு விழாவன்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் மேசையில் அவை இலவசமாக வழங்கப்படும். மாடி வீடுகளில் வாழும் குடும்பங்களுக்கு முதலிடம். பெற விரும்புவோர் அடியில் துளையுள்ள தொட்டியோ டின்னோ கொண்டுவருதல் வேண்டும். துளையில்லாமல் கொண்டுவருவோருக்காக ஆணியும் சுத்தியும் மேசையின்மேல் இருக்கும்.